காசிப்பூர் மேட்டில் இத்தனை பருந்து இருக்கே, பாறு (பிணந்தின்னிக் கழுகு) செஞ்ச வேலையை அது செய்யாதா?

மாடித்தோட்டம்_மயூர்விஹார் | சனி இரவு 9.40

எங்க வீடு மயூர் விஹார் ஃபேஸ் 3-ல நாலாவது மாடி. துணி காயப்போடப் போனா காசிப்பூர் குப்பை மேடு எதிர்லயே நிக்கும். அது மேல காலையிலிருந்து இருட்டுற வரைக்கும் பருந்து சுத்திக்கிட்டே இருக்கும். எண்ண முயற்சி பண்ணி இருநூறோட விட்டுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மீன் வாங்க காசிப்பூர் சந்தைக்கு நானும் பையனும் போனோம். சந்தைக்குப் பின்னால உடைஞ்ச சுவர் மேல அழுக்கு வெள்ளையில ஒரு பறவை. மஞ்சள் முகம், மெலிஞ்ச அலகு, கழுத்தைச் சுத்திச் சிலிர்த்துக்கிட்ட இறகு. கீழே குதிச்சு கோழி மாதிரி நடந்து போச்சு. எனக்கு அப்படியே கை கூப்பத் தோணிடுச்சு. நான் செங்கல்பட்டுப் பக்கம். சின்ன வயசுல பாட்டி என்னைத் திருக்கழுக்குன்றம் மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. உச்சி வேளைக்குக் குருக்கள் சர்க்கரைப் பொங்கலை வச்சுட்டுக் காத்திருப்பார். ரெண்டு பறவை வந்து இறங்கும், தின்னும், போகும். இதே பறவைதான். தொண்ணூறுகளோட கடைசியில அதுங்க வர்றது நின்னுபோச்சு. ஊர்ல எதையோ பாவம் பண்ணிட்டோம்னு பாட்டி ரொம்ப நாள் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

பையன் கேட்டான்: "அம்மா, இங்க இத்தனை பருந்து, இத்தனை நாய் இருக்கு. கழுகு இல்லாட்டி என்ன, அதோட வேலையை இதுங்க செஞ்சுடாதா?" பதில் சொல்லத் தெரியலை. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

செக்டர்6_ஆர்கேபுரம் | சனி இரவு 10.15

அம்மா, நான் 1971-ல் வேலைக்குச் சேர்ந்து டெல்லி வந்தவன். அப்போது பாறு என்பது இந்த ஊரில் காக்கை மாதிரி. லோதி தோட்டத்தில் பெரிய மரங்களின் உச்சியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். மரத்தடியெல்லாம் எச்சம் வெள்ளை அடித்த மாதிரி கிடக்கும், அங்கே துண்டு விரித்து உட்கார முடியாது. எப்போது காணாமல் போயின என்று கேட்டால் ஒரு வருடத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இல்லை என்பதே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

குருகிராம்வாசி | சனி இரவு 10.52

பையன் கேட்டது நியாயமான கேள்விதான். மெட்ரோவில் ஒருவர் எழுந்தால் அடுத்த நொடியே அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறார். பாறு போனது, பருந்தும் நாயும் வந்தன. குப்பை தீராமல் கிடக்கிறதா என்ன? பூமியில் எத்தனையோ உயிர்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாம் இவ்வளவு பதற வேண்டுமா? உண்மையாகவே கேட்கிறேன், வம்புக்கு இல்லை.

வெக்காலி | ஞாயிறு காலை 6.30

பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், டெல்லியில் ஐந்து வருடமாக இருக்கிறேன். குருகிராம் சார் சொன்ன சீட்டு உதாரணத்தில் இருந்தே தொடங்குகிறேன். சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டார், சரி. முன்பு அங்கே இருந்தவர் வண்டி ஓட்டுநர் என்றால்?

முதலில் உடம்பைப் பாருங்கள். கரும்பருந்து ஒரு கிலோகூட இருக்காது. வெண்முதுகுப் பாறு அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். செத்த மாட்டின் தோலைக் கிழிக்கும் அலகு பருந்துக்குக் கிடையாது. கண், நாக்கு, யாராவது அறுத்துப் போட்ட துண்டு, இவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும். பழைய டெல்லியில் ஜும்மா மசூதிப் பக்கம் நேர்த்திக்கடனாக ஆகாயத்தில் வீசுகிற சின்னச் சின்ன இறைச்சித் துண்டுகளைப் பருந்துகள் பறந்தபடியே பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத்தான் அந்த உடம்பு. பாறு அப்படியில்லை. மொட்டைக் கழுத்தை உள்ளே விட்டு, கூட்டமாகச் சேர்ந்து, ஒரு முழு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும்.

இரண்டாவது வயிறு. பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டின் இறைச்சியைக்கூடத் தின்று செரித்துவிடும். நாயின் வயிறு அப்படியல்ல. நாய் தின்கிறது, மீதியை இழுத்துப் போகிறது, இன்னொரு நாயோடு கடித்துச் சண்டை போடுகிறது.

கென்யாவில் ஒரு சோதனை செய்தார்கள். சில சடலங்களைப் பாறு நெருங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். சடலம் அழிய ஏறக்குறைய மூன்று மடங்கு காலம் ஆனது. அங்கே வந்து கூடிய நரி, கழுதைப்புலி போன்றவற்றின் எண்ணிக்கையும் மும்மடங்கானது, அவை ஒன்றை ஒன்று தொட்டு உரசுவதும் அதே மாதிரி ஏறியது. சடலம் கடைசியில் மறைந்துதான் போனது. அது மறைவதற்குள் எந்த நோய் எதிலிருந்து எதற்குத் தாவியது என்பதில்தான் வித்தியாசம்.

டெல்லிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கலூஷின் என்ற ரஷ்ய ஆய்வாளர் அறுபதுகளின் கடைசியில் இந்த நகரத்தின் இரைகொல்லிப் பறவைகளை எண்ணி 1971-ல் வெளியிட்டார். கரும்பருந்து சுமார் 2,400 ஜோடி, வெண்முதுகுப் பாறு சுமார் 400 ஜோடி. ஆர்கேபுரம் அய்யா பார்த்தது அந்த 400 ஜோடியைத்தான். இன்று பருந்து இருக்கிறது. வெண்முதுகுப் பாறு நகருக்குள் கூடு கட்டுவது இல்லை.

மாடித்தோட்டம் அக்கா, நீங்கள் பார்த்தது மஞ்சள்முகப் பாறு. அது இன்னும் சில இடங்களில் தப்பிப் பிழைத்திருக்கிறது. சுவர் மேல் இருந்தது வெள்ளையாக இருந்ததா, பழுப்பாக இருந்ததா? குஞ்சு பழுப்பாக இருக்கும்.

மாடித்தோட்டம்_மயூர்விஹார் | ஞாயிறு காலை 7.05

வெள்ளைதான்மா. றெக்கை விரிச்சப்போ ஓரம் மட்டும் கருப்பு. உங்க பதிலைப் பையனுக்கு வாசிச்சுக் காட்டிட்டு இருக்கேன். "வண்டி ஓட்டுநர்"னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டான்.

ஜனக்புரி_அம்மா | ஞாயிறு காலை 8.20

போன மார்ச்சில் என் மகளை டியூஷன் போகும் வழியில் நாய் கடித்தது. கெண்டைக்காலில் நாலு பல். குழாயடியில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம், உடனே ஊசி போட்டோம், அட்டவணைப்படி ஒரு தவணைகூடத் தவறவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் கடைசி ஊசி வரைக்கும் நான் தூங்கவில்லை. நாய்க்கும் கழுகுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று இன்றுதான் படிக்கிறேன். நிஜமாகவே எண்ணிக்கை ஏறியதா, அல்லது ஊகமா?

வெக்காலி | ஞாயிறு காலை 9.10

ஊகம் மட்டும் இல்லை அக்கா. கால்நடைக் கணக்கெடுப்பில் நாய்களையும் எண்ணுகிறார்கள். அதை வைத்து 2008-ல் வந்த ஆய்வு, 1992-க்கும் 2003-க்கும் இடையில் நாட்டில் நாய்கள் குறைந்தது 55 லட்சம் கூடியதாகக் கணக்கிட்டது. எல்லாமே பாறு போனதால் வந்தவை என்று சொல்ல முடியாது, நகரம் வளர்ந்தது, குப்பையும் வளர்ந்தது. 2024-ல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். முன்பு பாறு நிறைய இருந்த மாவட்டங்களையும் எப்போதுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாறு இருந்த மாவட்டங்களில், அது அழிந்த பிறகு மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் சாவுகள் என்பது அவர்கள் மதிப்பீடு. வெறிநாய்க்கடியும் கெட்ட தண்ணீரும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மதிப்பீடுதான், ஒவ்வொருவராக எண்ணியது இல்லை. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

மாட்டுடாக்டர்_வேப்பேரி78 | ஞாயிறு பகல் 12.35

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வேப்பேரியில் படித்து 1978-ல் கால்நடை மருத்துவராக வெளியே வந்தேன். வேலை மீரட் பக்கம் கிராமங்களில். வெயில் காலத்தில் எருமை நொண்டும், கன்று போட்ட பசுவுக்கு மடிநோய் வரும், காய்ச்சல் வரும். தொண்ணூறுகளின் நடுவில் டிக்ளோஃபெனாக் ஊசி கைக்கு வந்தது. அதுவரை அவ்வளவு மலிவாக, அவ்வளவு வேகமாக வலி குறைக்கும் மருந்தை நான் பார்த்ததில்லை. காலையில் ஊசி போட்டால் சாயங்காலம் மாடு எழுந்து தீனி தின்னும். விவசாயி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வான். நானும் சந்தோஷமாகப் போட்டேன்.

எல்லா மாடும் பிழைக்குமா? கிழட்டு மாடு ஊசி போட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ செத்துப்போகும். ஊருக்கு வெளியே ஒரு மேடு உண்டு, அங்கே கொண்டு போடுவார்கள். தோலை உரித்து எடுத்துப் போனதும் பாறுகள் இறங்கும். அரச மரம் முழுக்க அவை காத்திருந்ததை நான் சைக்கிளில் போகும்போது தினமும் பார்ப்பேன். பிறகு ஒரு வருடம், பாறுகள் கிளையில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி வழிவதைப் பார்த்தேன். தலை கால்வரை தொங்கும். திடீரென்று நிமிரும், மறுபடி தொங்கும். சில நாளில் மரத்தடியில் கிடக்கும். வெயில் என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள், ஏதோ கிருமி என்று படித்தவர்களும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

2004-ல்தான் உண்மை தெரிந்தது. பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதையும், அந்தப் பறவைகளின் சிறுநீரகத்தில் டிக்ளோஃபெனாக் இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். மாட்டைப் பிழைக்க வைக்கும் அளவு மருந்து, அந்த மாட்டைத் தின்னும் பறவையின் சிறுநீரகத்தைக் கொன்றுவிடுகிறது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். ஒரே சடலத்தில் ஊரில் உள்ள பாறுகள் எல்லாம் சேர்ந்து தின்பவை அல்லவா? வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது, குஞ்சு பெரிதாகி முட்டை இட ஐந்து வருடம் ஆகும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

2006-ல் மாட்டுக்குப் போடுவது தடை ஆனது. நான் மெலாக்சிகாம் என்ற வலி மருந்துக்கு மாறினேன், அது பாறுகளைக் கொல்லாது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பியை மருந்துக் கடையில் வாங்கி மாட்டுக்குப் போடுவது பல வருடம் நடந்தது. 2015-ல் அந்தப் பெரிய குப்பியையும் நிறுத்தி 3 மில்லி ஆக்கிய பிறகுதான் அது ஓரளவு குறைந்தது. 2023-ல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்துகளும் மாட்டுக்குத் தடையாயின. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டிக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது, அதுவும் நாங்கள் எழுதிக் கொடுத்த மருந்துதான்.

நான் தெரிந்து செய்யவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

செக்டர்6_ஆர்கேபுரம் | ஞாயிறு பகல் 1.20

டாக்டர் சார், நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. தோல் உரித்துப் போனவர்களைச் சொன்னீர்கள். எலும்பு பொறுக்கி விற்றுப் பிழைத்தவர்களும் அந்த மேட்டில்தான் இருந்தார்கள் அல்லவா? பாறு சுத்தமாக்கித் தரும் எலும்பு அவர்களுக்குக் கூலி. அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின?

மாட்டுடாக்டர்_வேப்பேரி78 | ஞாயிறு பகல் 1.48

அழுகல் ஒட்டிய எலும்புக்கு விலை இல்லை. நாய்க்கூட்டத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் செங்கல் சூளைக்குப் போனார்.

குருகிராம்வாசி | ஞாயிறு மாலை 4.05

டாக்டர் சார் எழுதியதைப் படித்தபின் நேற்று நான் கேட்ட தொனி எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம். எல்லா இனமும் போனால் இப்படித்தான் ஆகுமா? சில இனங்கள் போனால் சுற்றியிருப்பவை சமாளித்துக்கொள்ளும் அல்லவா? யூடியூபில் ஓநாய் திரும்பி வந்ததும் ஆறே பாதை மாறியதாக ஒரு காணொளி பார்த்தேன். அது நிஜமா?

வெக்காலி | ஞாயிறு மாலை 6.40

சார், சங்கடப்பட வேண்டாம், இந்தத் துறையின் முக்கியக் கேள்வியே நீங்கள் கேட்டதுதான்.

1963-ல் ராபர்ட் பெய்ன் என்ற அமெரிக்கர் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கிக் கடலில் வீச ஆரம்பித்தார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டார். நட்சத்திர மீன் மட்டிச் சிப்பியைத் தின்னும். அது இல்லாத பாறையில் மட்டி பெருகி இடத்தை அடைத்தது. பாசி, கொட்டலசு, சிறு நத்தை எல்லாம் ஒதுங்கின. 15 இனம் இருந்த பாறையில் 8 ஆனது. ஆனால் அந்தப் பாறையில் இருந்த எல்லா இனமும் அவ்வளவு கனமானவை இல்லை. எது போனால் மொத்தமும் சரியுமோ அதற்குத்தான் கீஸ்டோன் என்று அவர் பெயர் வைத்தார், கல் வளைவின் உச்சியில் நடுவே செருகும் கல். இதில் சிரமம் என்னவென்றால், எது அந்தக் கல் என்று உருவிப் பார்க்கும் வரை பெரும்பாலும் தெரிவதில்லை. பாறு இனத்தையும் யாரும் முன்கூட்டி அந்தப் பட்டியலில் எழுதி வைக்கவில்லை.

சமாளித்துக்கொண்ட கதையும் உண்டு. அமெரிக்கக் கிழக்குக் காடுகளில் செஸ்ட்நட் மரம் கோடிக்கணக்கில் இருந்தது. 1904-ல் நியூயார்க்கில் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது, ஐம்பது வருடத்துக்குள் ஏறக்குறைய 400 கோடி மரம் போனது. அந்த இடத்தை ஓக் மரங்கள் பிடித்தன. ஆகாயத்திலிருந்து பார்த்தால் காடு காடாகத்தான் இருக்கிறது. ஆனால் செஸ்ட்நட் வருடா வருடம் கொட்டை தரும், ஓக் ஒரு வருடம் தரும், அடுத்த இரண்டு வருடம் ஏமாற்றும். அந்த மரத்தை மட்டுமே தின்று வாழ்ந்த அந்துப்பூச்சிகளும் சில போயின. அதை நான் "சமாளித்தது" என்று சொல்லமாட்டேன், வேறு காடாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

ஓநாய்க் காணொளியைப் பொறுத்தவரை, நடந்தது அவ்வளவு நேர்த்தி இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாயை 1920-களில் ஒழித்தார்கள், 1995-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவில் எழுபது வருடம். அந்த எழுபது வருடத்தில் மான் பெருகி ஓடைக்கரை வில்லோ மரத்தைத் தின்றது, வில்லோ இல்லாமல் ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கு போனது, பீவரின் அணை இல்லாமல் ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு நிலத்தடி நீர் இறங்கியது. ஓநாய் வந்து மான் குறைந்தாலும், பல ஓடைகளில் வில்லோவின் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை. போன இனத்தைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் பழைய ஊர் திரும்புவதில்லை, அது போனபின் என்னென்ன நகர்ந்தது என்பதும் சேர்ந்தே கணக்கு.

ரிட்ஜ்_காலைநடை | ஞாயிறு இரவு 8.15

வெக்காலி சொன்னதற்கு டெல்லியிலேயே சாட்சி இருக்கிறது. ரிட்ஜ் காட்டுக்குள் நான் பன்னிரண்டு வருடமாக நடக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம். முதல் நாள் உள்ளே போனதும் ஊருக்கே வந்துவிட்டேனோ என்று தோன்றியது. அத்தனையும் சீமைக்கருவேலம்! இங்கே விலாயத்தி கீகர் என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரன் காலத்தில் பசுமைக்காகப் போட்டது. தௌ, புரசு, இலந்தை என்று இருந்த இடத்தில் இப்போது ஒரே மரம். அடியில் புல்கூட ஏழ்மையாக இருக்கிறது.

ஊரில் அதை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள், மழைக்குப் பின் விதையிலிருந்து மறுபடி அதுவே வந்தது. இங்கே வசந்த் விஹார் பக்கம் ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்காவில் வேறு மாதிரி செய்கிறார்கள். மரத்தை மொத்தமாக வெட்டாமல் கிளையைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் நாட்டு மரத்தை வளர்க்கிறார்கள். யமுனை உயிர்ப்பன்மைப் பூங்காவில் 2016-ல் ஒரு சிறுத்தையே வந்து தங்கியது. அதைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். நாம் கூப்பிட்டோம், வந்தது, இருக்க விடவில்லை. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஜனக்புரி_அம்மா | ஞாயிறு இரவு 9.00

அப்படியானால் நாயை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது சரிதானா? என் மகளின் காலைப் பார்த்தவள் என்பதால் அன்று நான் மகிழ்ந்தேன், மறைக்கவில்லை.

வெக்காலி | ஞாயிறு இரவு 9.35

உங்கள் இடத்தில் நானும் மகிழ்ந்திருப்பேன் அக்கா. பதினோரு நாளில் அந்த உத்தரவு மாறியது, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். என் கருத்து இது: குப்பையும் சடலமும் திறந்தே கிடக்கும்வரை நாயை மட்டும் எடுத்தால் அந்தத் தீனிக்கு எலி வரும், பன்றி வரும், குரங்கு வரும். எது எந்த நோயோடு வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாறுகளை அறியாமல் உருவினோம். இதையாவது தீனியை மூடி, ஊசி போட்டு, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாடித்தோட்டம்_மயூர்விஹார் | ஞாயிறு இரவு 9.50

பாறு திரும்ப வருமா? பையன் கேட்கச் சொல்றான்.

வெக்காலி | ஞாயிறு இரவு 10.20

முயற்சி நடக்கிறது. ஹரியானாவில் பிஞ்சோரில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், 2020-ல் எட்டு வெண்முதுகுப் பாறுகளைத் திறந்துவிட்டார்கள். நம் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் இயற்கையாகவே இருக்கின்றன. ஆனால் விடுகிற பறவை தின்னப்போகும் மாட்டில் மருந்து இல்லை என்று உறுதி வேண்டும். பிகானேர் பக்கம் ஜோர்பீட் சடல மேட்டில் பாறுகள் இறங்கினால் நாய்க்கூட்டம் துரத்துவதை நானே பார்த்தேன். முப்பது வருடத்தில் சீட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கத் தயாராக இல்லை.

டாக்டர் அய்யா, ஒன்று கேட்கலாமா? தொண்ணூறுகளில் எந்த ஊரில், எத்தனை மாட்டுக்கு டிக்ளோஃபெனாக் போனது என்று கிராம அளவில் பதிவு கிடைப்பது மிக அரிது. உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

மாட்டுடாக்டர்_வேப்பேரி78 | ஞாயிறு இரவு 11.05

1994 முதல் 2006 வரை பதிமூன்று டைரிகள் பரணில் இருக்கின்றன. தேதி, ஊர், மாட்டுக்காரர் பெயர், நோய், "டை. 15 மிலி, 3 நாள்" என்று எழுதியிருப்பேன். மாடு செத்திருந்தால் பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி. எந்த மேட்டில் போட்டார்கள் என்றும் பல இடத்தில் இருக்கும். பாதி தமிழில், பாதி எனக்கே புரியாத கிறுக்கலில். 1999 டைரியில் கரையான் ஏறிவிட்டது. மாட்டுக்காரர்கள் பெயரை வெளியே விடக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

வெக்காலி | ஞாயிறு இரவு 11.12

பெயரை எடுத்துவிட்டுத்தான் நகலெடுப்போம் அய்யா. செவ்வாய் காலை வரட்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் படித்துச் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.

மாட்டுடாக்டர்_வேப்பேரி78 | ஞாயிறு இரவு 11.20

பத்து மணிக்கு மேல் வாருங்கள் அம்மா. நாளைக்கே பரணிலிருந்து இறக்கி வெயிலில் காயவைக்கிறேன்.

மாடித்தோட்டம்_மயூர்விஹார் | திங்கள் காலை 6.50

இன்னைக்குக் காலையில பையன் பைனாகுலரோட மாடிக்குப் போனான். மேட்டுக்கு மேல பருந்துகளுக்கு நடுவுல வெள்ளையா ரெண்டு, பழுப்பா ஒண்ணு. அந்தப் பழுப்பு குஞ்சுதானா வெக்காலி?